மலையில இருந்து ஆன்லைன் கிளாஸ் எடுக்கப் போறீங்களா? இதைப் படிச்சுட்டு ஆரம்பிங்க

நீலகிரியில இருந்துகிட்டு ஆன்லைன்ல பாடம் எடுக்கணும்னு நெனைக்கிறவங்களுக்காக இதை எழுதறேன். நான் கோத்தகிரியில இருந்து டிஎன்பிஎஸ்சி (தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்) நடத்தற குரூப் 4 பரீட்சைக்கு ஆன்லைன் பேட்ச் நடத்தறேன், பிள்ளைங்க சோலூர்மட்டம், மஞ்சூர், கொளப்பள்ளி, எருமாடுன்னு மலை பூரா சிதறிக் கெடக்கறாங்க, பாதிப் பேரு லைன் வீட்ல (எஸ்டேட் தொழிலாளர்களுக்கான வரிசை வீடு) இருந்து வர்றவங்க, சிலர் ஹட்டியில (படுகர் கிராமம்) இருந்து, சிலர் ரெண்டு பிள்ளைக்கு அம்மா. யூடியூப்ல "ஆன்லைன் கோர்ஸ் ஆரம்பிப்பது எப்படி"ன்னு தேடினா ரிங் லைட் வாங்குங்க, கேமரா வாங்குங்க, லேண்டிங் பேஜ் போடுங்கன்னுதான் சொல்றாங்க, கரண்ட் போனா என்ன பண்றது, படிக்கிற பொண்ணு போனை அண்ணன் எடுத்துட்டுப் போயிட்டா என்ன பண்றதுன்னு ஒருத்தரும் சொல்லல. அதெல்லாம் நானா முட்டி மோதித்தான் தெரிஞ்சுக்க வேண்டியிருந்தது.

ஒண்ணை மட்டும் முதல்லயே சொல்லிடறேன். கிளாஸ் எடுக்கிறது உங்க வேலையில கால் பங்குதான். மீதி முக்கா பங்கும் கிளாஸுக்கு வர முடியாமப் போனவங்களைப் பிடிச்சு வெக்கிற வேலை. அதுக்கு நேரம் ஒதுக்க முடியாதுன்னா இப்பவே விட்டுடுங்க, யாருக்கும் நஷ்டம் இல்ல. நான் குரூப் 4-ஐ வெச்சுத்தான் சொல்வேன், நீங்க பத்தாங்கிளாஸ் கணக்கு, ஸ்போக்கன் இங்கிலீஷ், டெய்லரிங் எது எடுத்தாலும் முக்காவாசி பொருந்தும்.

1. சேர்க்கிறதுக்கு முன்னாடி போன் போட்டுப் பேசுங்க

கூகுள் ஃபார்ம் அனுப்பாதீங்க. அதாவது அனுப்புங்க, ஆனா அதை நம்பாதீங்க. "ஸ்மார்ட்போன் இருக்கா"ன்னு கேட்டா எல்லாரும் ஆமான்னுதான் டிக் போடுவாங்க. அந்தப் போன் அப்பாவோட எஸ்டேட்டுக்குப் போயிட்டு சாயந்தரம்தான் வீட்டுக்கு வரும்ங்கிறதை ஃபார்ம் சொல்லாது. ஒவ்வொருத்தருக்கும் ஒரு பத்து நிமிஷம் ஒதுக்கிப் பேசுங்க, ஒரு நோட்டுல ஆளுக்கு ஒரு பக்கம்னு விட்டு இதையெல்லாம் எழுதி வைங்க:

- போன் யாரோடது, ராத்திரி எத்தனை மணிக்கு இவங்க கைக்கு வரும்
- வீட்டுக்குள்ள எந்த சிம்முக்கு டவர் கிடைக்குது, இல்ல வெளிய வந்து நின்னாத்தான் கிடைக்குமா
- தினசரி எவ்வளவு டேட்டா, வீட்ல வேற யார் யார் அதைப் பயன்படுத்தறாங்க
- வேலைக்குப் போறாங்களா, ஃபேக்டரின்னா எந்த ஷிப்ட்
- கடைசியா எப்போ புஸ்தகம் தொட்டாங்க, எந்த மீடியம்ல படிச்சாங்க
- பக்கத்துல, அதே லைன்லயோ ஹட்டியிலயோ, இதே பரீட்சைக்குப் படிக்கிறவங்க வேற யாராவது இருக்காங்களா

கடைசிக் கேள்வி சாதாரணமாத் தெரியும், ஆனா அதுதான் பின்னாடி ரொம்ப உதவும், எப்படின்னு கீழ சொல்றேன். முதல் பேட்சுல 20 பேருக்கு மேல சேர்க்காதீங்க. 60 பேர் பணம் கட்ட ரெடியா இருந்தாலும் சரி. 20 பேருக்குத்தான் ஒரு ஆளால வாரா வாரம் பேச முடியும்.

2. டேட்டா கணக்குப் போடுங்க

இங்கதான் நிறைய பேர் முதல் வாரமே கவுந்துடறாங்க. ஜூம்ல எல்லாரும் வீடியோ ஆன் பண்ணி ஒரு மணி நேரம் பேசினா ஒரு ஆளுக்கு 800 எம்பியில ஆரம்பிச்சு, குவாலிட்டி கூடக் கூட 2 ஜிபிக்கு மேலயே போயிடும். நம்ம பிள்ளைங்க கையில இருக்கிறது ஒரு நாளைக்கு ஒண்ணரை ஜிபி பேக்கு, அதுலயும் தம்பி ரீல்ஸ் பாத்து பாதியைத் தீத்திருப்பான். கேமராவை எல்லாம் ஆஃப் பண்ணிட்டு, குரலும் ஸ்க்ரீன் ஷேரும் மட்டும் வெச்சா ஒரு மணி நேரத்துக்கு 100 எம்பிக்குள்ள முடிச்சுடலாம். உங்க முகத்தை முதல் ரெண்டு நிமிஷம் காட்டுங்க, வணக்கம் சொல்லுங்க, அப்புறம் நீங்களும் கேமராவை அணைச்சுடுங்க.

இலவசக் கணக்குல ஜூம் 40 நிமிஷத்துல கட் ஆயிடும், கூகுள் மீட்டுல மூணு பேரோ அதுக்கு மேலயோ இருந்தா 60 நிமிஷம். பணம் கட்டின பிளான் வாங்கணுமான்னு நிறைய பேர் கேக்கறாங்க. வேண்டாங்க. நம்ம நெட்டுல 40 நிமிஷத்துக்கு மேல யாராலயும் தொடர்ச்சியாக் கேக்க முடியாது, நான் 35 நிமிஷத்துல முடிச்சுடறேன்.

ரெக்கார்டிங் விஷயத்துலயும் வீடியோதான்னு அடம் பிடிக்காதீங்க. பத்து நிமிஷ ஆடியோவை 32 கேபிபிஎஸ்ல சேமிச்சா ரெண்டரை எம்பிகூட வராது, பஸ்ஸுல போய்க்கிட்டே டவுன்லோட் ஆயிடும். கணக்கு மாதிரி கண்ணால பாத்தே ஆகணும்ங்கிறதுக்கு மட்டும் யூடியூப்ல அன்லிஸ்டட்டா (லிங்க் இருக்கறவங்க மட்டும் பாக்கற மாதிரி) போட்டு லிங்க் குடுங்க, 240-லயோ 360-லயோ வெச்சுப் பாக்கச் சொல்லுங்க, எழுத்தைப் பெருசா எழுதியிருந்தா அதுலயே தெளிவாத் தெரியும்.

உங்க பக்கம் என்ன வேணும்னா: ரெண்டு வேற வேற கம்பெனி சிம், அல்லது ஃபைபர் கனெக்ஷனும் ஒரு சிம்மும், ஒரு காலர் மைக், ரவுட்டருக்கு மட்டும் ஒரு சின்ன யூபிஎஸ், போனை மேல இருந்து கீழ பாக்கிற மாதிரி நிறுத்த ஒரு ஸ்டாண்டு. நான் வாங்கினப்ப மைக்கும் ஸ்டாண்டும் யூபிஎஸ்ஸும் எல்லாம் சேர்ந்து மூவாயிரத்துக்குள்ள முடிஞ்சது. வெள்ளைப் பேப்பர்ல தடிமனான பேனாவுல எழுதிக் காட்டினாலே போதும், டிஜிட்டல் பேடு எல்லாம் ஒரு வருஷம் கழிச்சு பாத்துக்கலாம். காசை மைக்குக்குப் போடுங்க, படம் மங்கலா இருந்தா பொறுத்துக்குவாங்க, குரல் கேக்கலைன்னா அஞ்சு நிமிஷத்துல போயிடுவாங்க.

3. நேரம் வெக்கிறதுல உயிர் இருக்கு, நெஜமாவே

சாயந்தரம் ஏழு மணி நல்ல நேரம்னு தோணும். டவர் தேடி மேட்டுக்கு ஏறி, தேயிலைக் காட்டு ஓரத்துல நின்னு கிளாஸ் கேக்கிற பொண்ணுக்கு அது நல்ல நேரமா? கோத்தகிரி, குன்னூர் பக்கம் கரடியும் காட்டெருமையும், கூடலூர், பந்தலூர் பக்கம் யானை. அதனால வீட்டுக்குள்ள டவர் இல்லாதவங்க லிஸ்டைத் தனியா எடுத்து, அவங்ககிட்ட "நீங்க இருட்டுல வெளிய வந்து லைவ் கிளாஸ் கேக்கவே கூடாது, உங்களுக்கு ஆடியோதான், பகல்ல டவுன்லோட் பண்ணிக்குங்க"ன்னு கண்டிப்பா சொல்லிடுங்க. இது அவங்களை ஒதுக்கற மாதிரி ஆயிடுமோன்னு கவலைப்படாதீங்க, ஆடியோ ஒழுங்கா வந்து, சந்தேகத்துக்கு பதிலும் வந்தா அவங்க லைவ்ல வர்றவங்களுக்கு எந்த விதத்துலயும் குறைய மாட்டாங்க.

விடியக்காலை அஞ்சரை மணி கிளாஸ்னு சமவெளிக்காரங்க பெருமையாச் சொல்வாங்க. டிசம்பர், ஜனவரியில இங்க உறைபனி விழற நேரத்துல கம்பளியை விட்டு எவரும் எந்திரிக்க மாட்டாங்க, நீங்களே எந்திரிக்க மாட்டீங்க. எனக்கு ஒத்து வந்தது ராத்திரி எட்டேகால்ல இருந்து எட்டு அம்பது. சாப்பாடு முடிஞ்சிருக்கும், போன் கைக்கு வந்திருக்கும். சீரியல் ஓடற நேரம்தான், அது ஒரு விதத்துல நல்லது, வீட்ல மத்தவங்க கண்ணு டிவியில இருக்கும்.

அப்புறம் மழை. புதுசா ஆரம்பிக்கிறவங்க மலை பூரா ஒரே மழைன்னு நெனச்சு அட்டவணை போடறாங்க. ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், குந்தா பக்கத்தைத்தான் போட்டு அடிக்கும், 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 820 மில்லிமீட்டர் பெஞ்சது ஞாபகம் இருக்கும். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்கு மழை கோத்தகிரி, குன்னூர் பக்கம், 2009 நவம்பர் மண்சரிவு எல்லாம் அந்த நேரம்தான். அதாவது உங்க பேட்சுல ஒரு பாதிக்கு ஜூலையில கரண்ட் இருக்காது, இன்னொரு பாதிக்கு நவம்பர்ல இருக்காது. சில்வர் ஓக் கிளை ஒண்ணு லைன்ல விழுந்தா ரெண்டு நாள்கூட ஆகும். அதனால பெரிய டெஸ்ட் எதையும் அந்த மாசங்கள்ல ஒரே தேதியில வெக்காதீங்க, "இந்த வாரத்துக்குள்ள எப்போ முடியுதோ அப்போ"ன்னு ஏழு நாள் குடுங்க. மாசாந்திர பராமரிப்புக்காக மின்தடைன்னு பேப்பர்ல முன்னாடியே போடுவாங்க, பெரும்பாலும் பகல்லதான், அந்தத் தகவலை குரூப்ல போட்டு சார்ஜ் ஏத்தி வெக்கச் சொல்லுங்க.

4. உங்க காகிதங்கள்

பள்ளிக்கூட ஆசிரியரா இருந்தா இங்கயே நின்னுடுங்க. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 28, ஆசிரியர்கள் தனியா ட்யூஷன் எடுக்கக் கூடாதுங்குது, ஆன்லைன்னா மட்டும் விதிவிலக்குன்னு எங்கயும் இல்ல.

மத்தவங்களுக்கு பெருசா ஒண்ணும் வேண்டாம். உத்யம்னு சின்னத் தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு இருக்கு, அதைப் பண்ணி வெச்சுக்கலாம், ஆதாரும் பான் கார்டும் போதும், கட்டணமே கிடையாது. கூகுள்ல தேடினா முதல்ல வர்றது பல நேரம் ஆயிரம், ரெண்டாயிரம் கேக்கற தனியார் வெப்சைட், பாக்க கவர்மென்ட் சைட் மாதிரியே இருக்கும், முகவரி gov.in-னு முடியுதான்னு பாத்துட்டு உள்ள போங்க. ஜிஎஸ்டி வருஷ வருமானம் 20 லட்சத்தைத் தாண்டினாத்தான், நமக்கு அந்தக் கவலை இப்போதைக்கு வராது. கிளாஸ் பணத்துக்குன்னு தனி பேங்க் அக்கவுண்ட் வெச்சு, அதுலயே யூபிஐ போட்டுக்குங்க, வீட்டுச் செலவோட கலந்தா யார் கட்டினா யார் கட்டலன்னு ரெண்டாவது மாசமே குழம்பிடும். ரசீது புஸ்தகம் ஒண்ணு.

18 வயசுக்குக் கீழ இருக்கறவங்களைச் சேர்த்தா அப்பா அம்மாகிட்ட எழுத்துல சம்மதம் வாங்குங்க, 2023-ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல பெத்தவங்க சம்மதம் வேணும்னு இருக்கு. எந்த நம்பரை குரூப்ல சேக்கறீங்க, கிளாஸை ரெக்கார்ட் பண்றீங்களா, போட்டோ போடுவீங்களான்னு அதுல தெளிவா இருக்கட்டும். பாஸானவங்க படத்தை போஸ்டர்ல போடறதுக்கும் தனியாக் கேளுங்க, வயசு எதுவா இருந்தாலும்.

தனியார் கைடு பிடிஎஃப்பை குரூப்ல சுத்த விடாதீங்க. சமச்சீர் புஸ்தகம் ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் அரசு தளத்துலயே இலவசமா இருக்கு, குரூப் 4-க்கு ஆறுல இருந்து பத்தை ஒழுங்காப் படிச்சாலே பெரும்பகுதி முடிஞ்சது. வேலைவாய்ப்பு அலுவலகத்துல தன்னார்வப் பயிலும் வட்டம்னு இலவச வகுப்பு நடத்தறாங்க, அதையும் உங்க பிள்ளைங்ககிட்ட சொல்லுங்க. சொன்னா நம்மகிட்ட வர மாட்டாங்கன்னு மறைக்கறவங்களைப் பாத்திருக்கேன், எனக்கு அது பிடிக்கல.

5. பணம் எவ்வளவு, எப்போ

ஆறு மாசத்துக்கு மொத்தமா வாங்காதீங்க. மாசா மாசம் வாங்குங்க, அதுவும் 1ஆம் தேதி வேண்டாம். எஸ்டேட் சம்பளம் கைக்கு வந்த பின்னாடி, 10ஆம் தேதிக்கு மேல வெச்சுக்குங்க. சொந்தமா கொஞ்சம் தோட்டம் வெச்சிருக்கறவங்களுக்கு பச்சைத் தேயிலைப் பணம் ஃபேக்டரியில இருந்து வர்ற தேதி வேற, அவங்களையே ஒரு தேதி சொல்லச் சொல்லுங்க. நான் மாசம் 300 வாங்கறேன். இது சரியான தொகைன்னு சொல்லல, எனக்குக் கட்டுப்படியாகுது, அவங்களுக்கும் ஆகுது.

நடுவுல நின்னா மீதிப் பணம் திருப்பித் தருவேன்னு சேரும்போதே எழுதிக் குடுங்க. 50 பேருக்கு மேல இருக்கற கோச்சிங் சென்டர்களுக்கு 2024-ல மத்திய கல்வி அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல்ல, விட்டுப் போறவங்களுக்கு மீதி நாளுக்கான பணத்தை 10 நாளுக்குள்ள திருப்பணும்னு இருக்கு, நாம சின்ன ஆளுங்களா இருந்தாலும் அதையே வெச்சுக்கறது நல்லது.

இதுல இருக்கற பெரிய பொறி என்னன்னா, பணம் கட்ட முடியாதவங்க "கட்ட முடியல"ன்னு சொல்ல மாட்டாங்க, கிளாஸுக்கு வர்றதை நிறுத்திடுவாங்க. நீங்க ஆர்வம் இல்லன்னு நெனச்சுக்குவீங்க. குரூப்ல "ஃபீஸ் கட்டாதவர்கள் பட்டியல்"னு போட்டீங்கன்னா அன்னிக்கே பாதிப் பேர் போயிடுவாங்க. தனியாப் பேசுங்க, ரெண்டு மாசம் தள்ளி வைங்க, ரொம்ப முடியாதவங்களை சும்மா படிக்க வைங்க, ஆனா அதை யார்கிட்டயும் சொல்லாதீங்க, பெருமைக்குக்கூட.

6. முதல் வாரம் பாடமே கிடையாது

முதல் வாரம் பூரா பழக்கத்துக்கு. லிங்கைத் தொட்டு உள்ள வர்றது, மைக்கை அணைக்கிறது, லைன் கட்டானா திரும்ப வர்றது, நோட்டுல எழுதினதை நிழல் விழாமப் போட்டோ எடுத்து அனுப்பறது, சந்தேகத்தை வாய்ஸ் மெசேஜா அனுப்பறது. தினம் பத்து நிமிஷம் போதும். இதைச் சொல்லிக் குடுக்காம மூணாவது நாளே பாடத்துக்குப் போயிட்டா, "எனக்கு இதெல்லாம் வராது"ன்னு நெனச்சு ஒதுங்கறவங்க யாருன்னே உங்களுக்குத் தெரியாது.

மீதி நேரத்துல அவங்க காகித வேலையை முடிச்சு விடுங்க. பாடம் நடத்தறவங்க இதை நம்ம வேலை இல்லன்னு விட்டுடறாங்க, ஆனா நல்லாப் படிச்ச பொண்ணு ஒரு சான்றிதழுக்காகக் கோட்டை விடறதைப் பாத்தா வயிறு எரியும்.

டிஎன்பிஎஸ்சி தளத்துல ஒருமுறைப் பதிவு 150 ரூபா, 5 வருஷம் செல்லும். பரீட்சைக் கட்டணம் 100. பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்குக் கட்டணம் இல்ல, பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்புக்கு மூணு தடவை இலவசம், ஆனா இதுக்கு முன்னாடி எத்தனை தடவை பயன்படுத்தினாங்கன்னு கணக்கு வெச்சிருக்கணும். பதிவு பண்ணும்போது போன் நம்பரும் ஈமெயிலும் அவங்களோடதா இருக்கணும். பிரவுசிங் சென்டர்ல போனா பல நேரம் கடைக்காரர் அவசரத்துக்கு அவர் நம்பரையும் அவர் ஈமெயிலையும் போட்டு முடிச்சுடுவார், அடுத்த வருஷம் ஓடிபி அவருக்குப் போகும், அவர் கடையை காலி பண்ணிட்டு திருப்பூர் போயிருப்பார். பாஸ்வேர்டை நோட்டுல எழுதி வெக்கச் சொல்லுங்க, பாதுகாப்பு இல்லதான், ஆனா மறந்து போறதுக்கு அது பரவால்ல.

அடுத்தது தமிழ் வழியில் படிச்சதுக்கான சான்று. தமிழ் வழியில படிச்சவங்களுக்கு 20 சதவீதம் ஒதுக்கீடு இருக்கு, நம்ம எஸ்டேட் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க பெரும்பாலும் இதுக்குத் தகுதியானவங்க, அவங்களுக்கே தெரியாது. குரூப் 4-க்கு ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் தமிழ் வழியில படிச்சிருக்கணும், ரெண்டு மூணு பள்ளிக்கூடம் மாறியிருந்தா ஒவ்வொரு பள்ளிக்கூடத்துலயும் தனித்தனியா, டிஎன்பிஎஸ்சி குடுக்கற படிவத்துலயே வாங்கணும். ஏப்ரல் கடைசி, மே மாசம் போனா பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும், ஜூன்ல போனா ஹெச்எம் மாறியிருப்பாங்க. அதனால ஜனவரி, பிப்ரவரியிலயே அனுப்பிடுங்க.

சாதிச் சான்று இ-சேவையில 60 ரூபா. பழங்குடியினர் சான்று தாசில்தார் இல்ல, கோட்டாட்சியர் குடுக்கணும், விசாரணை எல்லாம் முடிய நேரம் எடுக்கும், குறும்பர், இருளர், பணியர் பிள்ளைங்க யாராவது இருந்தா சேர்ந்த அன்னிக்கே இதை ஆரம்பிச்சுடுங்க. இலங்கையில இருந்து தாயகம் திரும்பின குடும்பத்துப் பிள்ளைங்களுக்கு தாத்தா காலத்துக் காகிதம் வரைக்கும் கேப்பாங்க, வீட்ல டிரங்குப் பெட்டியைத் தேடச் சொல்லுங்க. எல்லாக் காகிதத்துலயும் பேரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கான்னு பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கணும், பத்தாங்கிளாஸ் மார்க் ஷீட்ல ஒரு ஸ்பெல்லிங், ஆதார்ல ஒரு ஸ்பெல்லிங்னு இருக்கறது ரொம்ப சகஜம்.

7. பாடம் எடுக்கறது

முதல்ல எதை எடுக்கறதுன்னு சொல்லிடறேன். 200 கேள்வி, 300 மார்க், மூணு மணி நேரம். அதுல 100 கேள்வி தமிழ் தகுதித்தேர்வு, 150 மார்க்கு, அதுல 60 வாங்கலைன்னா மீதி விடைத்தாளைத் திருத்தவே மாட்டாங்க. 75 பொது அறிவு, 25 கணக்கு. எல்லாரும் பொது அறிவுல ஆரம்பிப்பாங்க, கேக்க சுவாரசியமா இருக்கும். நீங்க தமிழ்ல ஆரம்பிங்க. முக்கியமா கூடலூர், பந்தலூர் பக்கம் வீட்ல மலையாளமோ பணியர் பேச்சோ பேசற பிள்ளைங்களுக்கு படிக்கத் தெரியும், பேசத் தெரியும், சந்திப்பிழையும் இலக்கணக்குறிப்பும் கண்ணைக் கட்டும். அவங்களுக்கு வாரத்துக்கு ஒரு தனி ஆடியோ போடுங்க.

35 நிமிஷத்தை நான் இப்படிப் பிரிக்கறேன்: முதல் அஞ்சு நிமிஷம் நேத்து பாடத்துல கேள்வி, அப்புறம் ஒரே ஒரு விஷயம், அப்புறம் அவங்க செய்யற நேரம், கடைசியில சந்தேகம். ஒரே ஒரு விஷயம்தான். மூணு விஷயம் எடுத்தா உங்களுக்குத் திருப்தியா இருக்கும், அவ்வளவுதான்.

"புரிஞ்சுதா?"ன்னு கேக்கவே கேக்காதீங்க. "புரிஞ்சுது அக்கா"ன்னுதான் வரும். ஒரு கணக்கைக் குடுத்து செஞ்சு போட்டோ அனுப்பச் சொல்லுங்க. ஒரு காட்டுல 12 பேர் 6 நாள்ல இலை பறிச்சு முடிப்பாங்கன்னா 9 பேர் எத்தனை நாள்ல முடிப்பாங்க? விடை 8. ஆனா உங்களுக்கு நிறைய நாலரை வரும். நாலரைன்னு எழுதினவங்க சோம்பேறி இல்ல, அவங்க ஆள் குறைஞ்சா நாளும் குறையும்னு நேர் விகிதத்துல போட்டிருக்காங்க. "ஆள் குறைஞ்சா வேலை சீக்கிரம் முடியுமா, உங்க மேஸ்திரிகிட்ட சொல்லிப் பாருங்க"ன்னு கேட்டா சிரிச்சுட்டு அவங்களே திருத்திடுவாங்க. வெறும் "தப்பு, திரும்பப் போடு"ன்னு அனுப்பினா அடுத்த தடவை பக்கத்து ஆளோடதைப் பாத்து எழுதி அனுப்புவாங்க. தப்பு எப்படி வந்ததுன்னு கண்டுபிடிக்கறதுதான் ஆன்லைன்ல வாத்தியார் செய்யற மெய்யான வேலை, விளக்கம் சொல்ல யூடியூப்ல ஆயிரம் பேர் இருக்காங்க.

இன்னொண்ணு, கேள்வி கேட்டுட்டுக் காத்திருங்க. நீங்க பேசினது அவங்களுக்குப் போய்ச் சேரவே ரெண்டு மூணு செகண்டு ஆகும், அப்புறம் யோசிக்கணும், அப்புறம் மியூட்டை எடுக்கணும். மனசுக்குள்ள பதினஞ்சு வரைக்கும் எண்ணுங்க. அந்த அமைதி உங்களுக்குத்தான் கஷ்டமா இருக்கும். பேர் சொல்லிக் கூப்பிடுங்க, ஆனா வேலைக்குப் போயிட்டு வந்து இருபது வருஷம் கழிச்சு நோட்டைத் திறக்கற அம்மாவை எல்லார் முன்னாடியும் கேக்காதீங்க, அவங்களுக்கு முதல்ல தெரிஞ்ச கேள்வியாக் குடுங்க.

8. கிளாஸ் முடிஞ்ச பின்னாடி

அன்னிக்கு ராத்திரியே மூணு போகணும்: பத்து நிமிஷ ஆடியோ, ஒரு பக்கக் குறிப்போட போட்டோ, அஞ்சு கேள்வி. நாளைக்குப் போடலாம்னு விட்டா சேந்துடும். லைவ் கிளாஸையே அப்படியே ரெக்கார்ட் பண்ணிப் போடாதீங்க, "சத்தம் கேக்குதா, யாரு மைக் ஆன்ல இருக்கு"ங்கறதே பாதி இருக்கும், தனியா உக்காந்து பத்து நிமிஷம் பேசிப் பதியுங்க.

வாட்ஸாப் குரூப்ல ஒரு ஆபத்து இருக்கு, இதைக் கவனமாப் படிங்க. சாதாரண குரூப்ல எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரியும். பொண்ணுங்க நம்பரை எடுத்து ராத்திரி மெசேஜ் அனுப்பறது நடக்கும், அது வீட்டுக்குத் தெரிஞ்சா அந்தப் பொண்ணு படிப்பு அன்னிக்கே நின்னுடும், மெசேஜ் அனுப்பினவனுக்கு ஒண்ணும் ஆகாது. கம்யூனிட்டி ஆரம்பிச்சு அதோட அறிவிப்புக் குரூப்ல போட்டா மத்தவங்க நம்பர் தெரியாது, உங்களுக்கு மட்டும் தெரியும். சந்தேகத்தை உங்களுக்குத் தனியா அனுப்பச் சொல்லுங்க, நல்ல சந்தேகத்தைப் பேர் சொல்லாம எல்லாருக்கும் நீங்க பதிலாப் போடுங்க.

சந்தேகத்துக்கு எப்போ பதில் வரும்னு சொல்லிடுங்க. நான் மத்தியானம் ரெண்டுல இருந்து மூணு வரைக்கும் உக்காந்து எல்லாத்துக்கும் பதில் போடறேன், ராத்திரி பத்து மணிக்கு வந்தா மறுநாள்தான். எப்பவும் பதில் சொல்வேன்னு ஆரம்பிச்சவங்க ரெண்டாவது மாசம் யாருக்கும் பதில் சொல்றதில்ல.

ரெண்டு நாள் சத்தமே இல்லன்னா போன் பண்ணுங்க. "ஏன் கிளாஸுக்கு வரல"ன்னு ஆரம்பிக்காதீங்க, "வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா"ன்னு கேளுங்க, காரணம் தானா வரும். பல நேரம் ரீசார்ஜ் முடிஞ்சிருக்கும், இல்ல மாமியாருக்கு முடியல, இல்ல டெஸ்ட்ல மார்க் கம்மியானதுல வெட்கம். மூணாவது வாரம் இது அதிகமா நடக்கும், அந்த வாரம் வேற வேலை வெச்சுக்காதீங்க. அப்புறம் முன்னாடி கேட்டீங்கல்ல, பக்கத்துல யார் படிக்கறாங்கன்னு, அவங்களை ஜோடி சேத்து விடுங்க. ஒருத்தர் போன் இல்லாத அன்னிக்கு இன்னொருத்தர் போன்ல ரெண்டு பேரும் கேப்பாங்க, ஒருத்தர் நின்னா இன்னொருத்தர் வீட்டுக்கே போய்க் கேப்பாங்க. நான் போன்ல அரை மணி நேரம் பேசி நடக்காதது இதுல நடந்திருக்கு.

9. டெஸ்ட்

வாரத்துக்கு ஒண்ணு, கூகுள் ஃபார்ம்ல க்விஸ்ஸா போட்டா அதுவே திருத்திடும். மார்க்கைத் தனித்தனியா அனுப்புங்க, ரேங்க் லிஸ்ட் போடாதீங்க.

ஆனா நெஜப் பரீட்சை பேப்பர்ல, ஓஎம்ஆர் ஷீட்ல வட்டத்தைக் கருப்பாக்கணும். போன்லயே பழகினவங்க ஹால்ல தடுமாறுவாங்க. விடை தெரியலைன்னா சும்மா விடக்கூடாது, இங்கிலீஷ் இ-ன்னு (E) ஒரு வட்டம் இருக்கு அதைக் கருப்பாக்கணும், கடைசியில ஏ எத்தனை பி எத்தனைன்னு எண்ணி எழுதணும், இதுக்கே நல்ல நேரம் போகும். மாசத்துக்கு ஒரு தடவையாவது பேப்பர்ல எழுத வைங்க. ஒவ்வொரு பக்கத்து டவுன்லயும் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரரைப் பேசி வெச்சுக்குங்க, நீங்க பிடிஎஃப் அனுப்பிடுங்க, பிள்ளைங்க சாமான் வாங்க வரும்போது எடுத்துக்கட்டும். செலவு ஆளுக்கு முப்பது, நாப்பது ரூபா ஆகும், அதை ஃபீஸ்லயே சேத்துடுங்க, தனியாக் கேக்காதீங்க.

10. பரீட்சை வாரம்

2024-ல ஜூன் 9, 2025-ல ஜூலை 12 அன்னிக்கு குரூப் 4 நடந்தது. ரெண்டுமே கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் மழைக்காலம். காலையில ஒம்பதரைக்குப் பரீட்சை, ஒம்பதுக்குள்ள உள்ள இருக்கணும், லேட்டானா விட மாட்டாங்க. ஹால் டிக்கெட் வந்த உடனே யாருக்கு எந்த சென்டர்னு வாங்கி எழுதுங்க, முதல் பஸ் எத்தனை மணிக்குன்னு விசாரிங்க, முதல் பஸ்ஸை நம்பித்தான் போகணும்ங்கறவங்களை முந்தின நாளே டவுன்ல சொந்தக்காரங்க வீட்டுக்குப் போய்டச் சொல்லுங்க, ஒரே சென்டர் வர்றவங்க சேந்து ஒரு ஜீப் பேசிக்கலாம். கருப்பு பால்பாயின்ட் பேனா ரெண்டு, ஹால் டிக்கெட் பிரிண்ட் ரெண்டு, ஒரிஜினல் ஆதார், ஸ்வெட்டர். கடைசி மூணு நாள் புதுப் பாடம் எதுவும் அனுப்பாதீங்க, யார் கேட்டாலும்.

பரீட்சை முடிஞ்ச வாரம் ஒரு வேலை இருக்கு, எல்லாரும் மறந்துடறாங்க. பதிவு பண்ணித் தர்றேன்னு வாங்கின ஆதார், மார்க் ஷீட், சாதிச் சான்று போட்டோ எல்லாம் உங்க போன் கேலரியிலயும் வாட்ஸாப்லயும் கெடக்கும். எல்லாருக்கும் "உங்ககிட்ட காப்பி இருக்கா"ன்னு ஒரு தடவை கேட்டுட்டு, உங்க போன்ல இருந்து, கூகுள் டிரைவ்ல இருந்து, அந்த டிராஷ் ஃபோல்டர்ல இருந்தும் அழிச்சுடுங்க. ரசீது புஸ்தகத்தையும் ஆடியோ ஃபைலையும் மட்டும் வைங்க, அடுத்த பேட்சுக்கு ஆடியோவுல பாதி அப்படியே ஆகும்.